இரண்டு பழைய புல்வெட்டியிலிருந்து ஓடும் ஒன்று: எஞ்சினை வேறு டெக்கில் ஏற்றுவது பற்றி

கழற்றும்_கை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வேண்டாம் என்று ஒதுக்கிய இரண்டு பெட்ரோல் புல்வெட்டிகள் இருக்கின்றன. இரண்டையும் கலந்து ஒன்றை ஓட வைக்க வேண்டும்.

முதலாவதில் டெக் (பிளேடைச் சுற்றி மூடும் அடித்தகடு) 53 செ.மீ. பின்பக்கத்தைத் துரு தின்றுவிட்டது, சக்கரம் பிடிக்கும் இடத்தில் விரல் நுழைகிறது. எஞ்சின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், மாடல் எண் 12-ல் தொடங்குகிறது. சைடு வால்வு (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில்), அடியில் கிண்ணம் வைத்த கார்புரேட்டர், வேகத்தைச் சீராக வைக்கும் மெக்கானிக்கல் கவர்னர். ஆயில் கறுக்கவில்லை, கயிற்றில் அழுத்தம் நன்றாகத் தெரிகிறது.

இரண்டாவதில் டெக் 46 செ.மீ. தகடு கெட்டி, சக்கரங்கள் ஆடவில்லை. கனெக்டிங் ராடு ஒடிந்து கிராங்க் கேஸையே துளைத்துவிட்டதால் எஞ்சின் உதவாது.

முதல் எஞ்சினை இரண்டாவது டெக்கில் ஏற்றப் பார்க்கிறேன். மூன்று போல்ட் ஓட்டைகளும் நேராக வருகின்றன. பிளேடைச் சுழற்றும் ஷாஃப்ட் இரண்டுமே 22.2 மி.மீ. விட்டம். ஆனால் முதல் எஞ்சினின் ஷாஃப்ட் 14 மி.மீ. கூடுதல் நீளம்.

பிளேடைக் கழற்றிவிட்டு பெஞ்சில் வைத்து ஸ்டார்ட் செய்தால், கயிறு பாதி வரும்போதே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போகிறது. பிளக்கில் பொறி வருகிறது. பத்து தடவைக்கு ஒரு தடவை பற்றினாலும் வேகம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடி நின்றுவிடுகிறது. பிடுங்கலுக்கு என்ன காரணம்? நீள ஷாஃப்ட்டை எப்படிச் சமாளிப்பது? எந்த பிளேடு, அதை ஷாஃப்ட்டில் பிடிக்கும் எந்த அடாப்டர்?

சுழல்கத்தி எழுதியது:

பிளேடு இல்லாமல் இனிமேல் இழுக்காதீர்கள், மணிக்கட்டு போய்விடும்.

இந்த வகை எஞ்சினில் ஃப்ளைவீல் (ஷாஃப்ட்டின் மேல்முனையில் சுழலும் சக்கரம்) அலுமினிய வார்ப்பு, எடை குறைவு. அழுத்த ஸ்ட்ரோக்கைத் தாண்டி பிஸ்டனைக் கொண்டுபோகும் உந்தம் அதில் மட்டும் இல்லை, பெரும் பங்கு கீழே சுழலும் பிளேடில் இருக்கிறது. பிஸ்டன் உச்சிக்கு வரச் சற்று முன்பே பொறி விழுந்துவிடும். அந்த இடத்தில் உந்தம் போதவில்லை என்றால் எரியும் வாயு பிஸ்டனை வந்த வழியே கீழே தள்ளும், கயிறு பிடுங்கும். பிளேடு போல்ட் லேசாகத் தளர்ந்திருந்தாலும், அடாப்டர் பல் தேய்ந்து பிளேடு வழுக்கினாலும் இதே கோளாறு வரும்.

எனவே பிளேடைப் போட்டு, போல்ட்டை முழுக்க முறுக்கி, டெக்கில் வைத்து இழுத்துப் பாருங்கள். அப்போதும் பிடுங்கினால் ஃப்ளைவீல் கீயில், அதாவது ஃப்ளைவீலை ஷாஃப்ட்டில் நேராக உட்கார வைக்கும் சின்ன உலோகத் துண்டில், கோளாறு. பழைய 53 செ.மீ. பிளேடின் நுனியில் மடங்கிய காயம் இருக்கிறதா? இருந்தால் எங்கோ வேரிலோ கல்லிலோ இடித்திருக்கிறது என்று அர்த்தம்.

நட்டுபோல்ட் எழுதியது:

சுழல்கத்தி சொன்னது சரி, ஆனா பிளேடு போட்டுப் பார்க்கிறதுக்கு முன்னாடியே கீயைப் பார்த்துடுங்க தம்பி. அரை மணி நேர வேலைதான்.

பிளக் வயரைக் கழற்றி தள்ளிக் கட்டிடுங்க. டேங்கைக் காலி பண்ணுங்க. கயிறு ஸ்டார்ட்டர், மேல் உறை ரெண்டையும் எடுத்தா ஃப்ளைவீல் தெரியும். பக்கத்துல பிரேக் பட்டை அழுத்திக்கிட்டு இருக்கும், அதோட ஸ்பிரிங்கை முதல்ல விடுவிச்சுக்கோங்க. ஃப்ளைவீலை ஸ்ட்ராப் போட்டுப் பிடிச்சுக்கிட்டு நட்டைத் திருப்புங்க. குளிரூட்டும் சிறகுகளுக்கு நடுவுல ஸ்குரூ டிரைவரைச் சொருகிப் பிடிக்கவே கூடாது. ஒரு சிறகு உடைஞ்சாலும் ஃப்ளைவீல் பேலன்ஸ் போயிடும்.

நட்டை முழுசா கழற்றாம ஷாஃப்ட் முனையோட சமமா நிறுத்திட்டு, ஃப்ளைவீலை இழுத்துக் கழற்றுற புல்லரைப் போடுங்க. ஃப்ளைவீல் நடுவுல புல்லருக்குன்னு ரெண்டு ஓட்டை இருக்கும், மரை இல்லாட்டி புல்லர் போல்ட்டே வெட்டிக்கும். ஷாஃப்ட் தலையில சுத்தியலால அடிச்சா மரை நசுங்கும், உள்ள பேரிங்கும் அடி வாங்கும்.

ஃப்ளைவீலைத் தூக்குறதுக்கு முன்னாடி மேலிருந்தே கீ பள்ளத்தைப் பாருங்க. ஷாஃப்ட்டில் இருக்கிற பள்ளமும் ஃப்ளைவீலில் இருக்கிற பள்ளமும் ஒரே கோட்டுல இருக்கணும். வெளிய எடுத்த கீயை விரல்ல வச்சு உருட்டிப் பாருங்க: பக்கவாட்டுல மெல்லிசா ஒரு படி தட்டுப்பட்டாலும் அது செத்த கீ.

கழற்றும்_கை எழுதியது:

படி இருக்கிறது. வெர்னியரில் ஏறக்குறைய 1 மி.மீ. பழைய பிளேடின் ஒரு நுனியும் மடங்கியிருக்கிறது.

> ஒரே கோட்டுல இருக்கணும்

ஃப்ளைவீல் பள்ளம் சுழலும் திசையில் முன்னால் போயிருந்தது. இந்த 1 மி.மீ. இவ்வளவு படுத்துமா?

சுழல்கத்தி எழுதியது:

படுத்தும். கீ உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் சுமார் 20 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சுற்றளவில் 1 மி.மீ. என்பது ஏறக்குறைய 6 டிகிரி. பிளேடு இடித்து ஷாஃப்ட் சட்டென்று நின்றபோது, ஃப்ளைவீல் தன் உந்தத்தில் முன்னால் ஓடிவிட்டது. காந்தம் ஃப்ளைவீலில் இருப்பதால் அது பொறியை உண்டாக்கும் காயிலை 6 டிகிரி சீக்கிரமே கடக்கிறது, பொறியும் அவ்வளவு சீக்கிரம் விழுகிறது. இது போதாதென்று பிளேடையும் கழற்றியிருந்தீர்கள். பொறி இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகாது என்ற புகாரில் பல நேரம் இந்தக் கீதான்.

இரும்பன் எழுதியது:

இரும்பில் ஒரு கீ செதுக்கிப் போட்டுவிட்டால் மறுபடி நகராதே? அலுமினியக் கீ எப்படியும் திரும்ப வெட்டுப்படும்.

நட்டுபோல்ட் எழுதியது:

அதைச் செய்யவே செய்யாதீங்க. கீ சுமை தாங்குறதுக்கு இல்லை, நேரா உட்கார வைக்கிறதுக்கு மட்டும்தான். ஃப்ளைவீலைப் பிடிச்சு வைக்கிறது சாய்வான கூம்பும் நட்டோட இறுக்கமும். இடிக்கும்போது மெத்துன்னு இருக்கிற கீ வெட்டுப்பட்டு வழி விடணும். இரும்பு போட்டா அந்த அடி கீ பள்ளத்தைப் பிளக்கும், இல்லைன்னா ஷாஃப்ட்டை முறுக்கும். சில ரூபாய்ப் பொருளைக் காப்பாத்தப் போய் எஞ்சினையே இழந்துடுவீங்க.

கூம்பு ரெண்டையும் பெட்ரோல் நனைச்ச துணியால துடைச்சு, எண்ணெய்ப் பசையே இல்லாம உலர்ந்து இருக்கும்போது மாட்டுங்க. கிரீஸ் தடவினா பிடிப்பு போச்சு. இந்த வரிசைக்கு நட் சுமார் 75 நியூட்டன் மீட்டர். டார்க் ஸ்பேனர் இல்லாம கணக்கா இறுக்குறது கஷ்டம், தளர்ந்த நட்டே கீயை வெட்டிடும்.

ஃப்ளைவீலைத் திரும்பப் போட்டதும் காயில் இடைவெளியையும் வச்சுடுங்க. காந்தத்தைக் காயிலுக்கு நேரா நிறுத்தி, நடுவுல 0.25 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்குற மெல்லிசுத் தகடு) வச்சு, காயில் போல்ட் ரெண்டையும் தளர்த்துங்க. காந்தமே இழுத்துப் பிடிச்சுக்கும், அப்படியே இறுக்குங்க. ஃபீலர் இரும்பா இருந்தா காந்தம் பிடிச்சுக்கிட்டு உருவ விடாது, அதுக்குத்தான் நிறைய பேர் கெட்டியான விசிட்டிங் கார்டு வைக்கிறது.

அளவுகோல் எழுதியது:

ஒரு முக்கியமான சோதனையை யாரும் சொல்லவில்லை. கீ வெட்டுப்படும் அளவுக்கு இடித்த எஞ்சின் என்றால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஏற்றக் கூடாது.

பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்க் கேஸின் அடியில் டயல் கேஜை (மிகச் சிறிய ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் கருவி) பொருத்தி, ஷாஃப்ட்டின் முனைக்கு அருகில் முள்ளை வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். கீவே பள்ளத்தின் மேல் முள் ஓடக் கூடாது. டயல் கேஜ் இல்லையென்றால், ஷாஃப்ட்டின் நடு ஓட்டையில் நீளமான நேரான போல்ட்டை மாட்டி, அதன் தலை ஒரு நிலையான கம்பியைத் தொட்டும் தொடாமலும் சுற்றுகிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் அந்த எஞ்சினை உதிரிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

வளைந்த ஷாஃப்ட்டை அடித்து நிமிர்த்தலாம் என்று சொல்வார்கள். நிமிர்த்திய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். அது முறியும்போது பிளேடும் சேர்ந்து பறக்கும்.

கழற்றும்_கை எழுதியது:

டயல் கேஜில் முள் ஏறக்குறைய அசையவே இல்லை. புதுக் கீ போட்டாயிற்று, நட் 75, காயில் 0.25. இனி 14 மி.மீ. சிக்கல். எஞ்சினை வைத்துப் பார்த்தால் பிளேடு டெக்கின் விளிம்புக்குக் கீழே 4 மி.மீ. தொங்குகிறது. பழைய எஞ்சினில் 10 மி.மீ. உள்ளே இருந்தது. ஷாஃப்ட்டை அறுத்துவிடலாமா?

அளவுகோல் எழுதியது:

அறுக்காதீர்கள். அறுத்த தூள் ஆயில் சீல் உதட்டில் ஏறும், பிளேடு போல்ட்டுக்கான மரை ஆழமும் கீவே நீளமும் குறையும்.

எஞ்சினுக்கும் டெக்குக்கும் நடுவில் 12 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒரு முழு வளையம் வெட்டிப் போடுங்கள். வெளிவட்டம் எஞ்சின் அடித்தளத்தின் அளவு, உள்வட்டம் டெக்கின் நடுத்துளை அளவு, மூன்று போல்ட் ஓட்டை. இப்போது பிளேடு விளிம்புக்கு மேலே 8 மி.மீ. உள்ளே வரும். ஒவ்வொரு போல்ட்டிலும் வாஷர்களை அடுக்கி உயர்த்துகிற வேலை வேண்டாம். மூன்று புள்ளியில் மட்டும் நிற்கும் எஞ்சின் அதிரும்போது டெக் தகடு அந்த மூன்று இடத்திலிருந்து கீறத் தொடங்கும்.

போல்ட்டும் 12 மி.மீ. நீளமாக வேண்டும். அலுமினிய பிளாக்குக்குள் போகும் மரை குறைந்தது போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. 9.5 மி.மீ. போல்ட் என்றால் 14 மி.மீ. உள்ளே போக வேண்டும். அதே நேரம் ஓட்டையின் அடியில் முட்டவும் கூடாது, கையால் திருகி ஆழத்தை அளந்துகொள்ளுங்கள்.

சுழல்கத்தி எழுதியது:

பிளேடு, அடாப்டர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிளேடு டெக்கைப் பொறுத்தது, எனவே 46 செ.மீ. அடாப்டரின் நடுத்துளையும் கீயும் ஷாஃப்ட்டுக்குப் பொருந்த வேண்டும், அதன் காது பிளேடின் ஓட்டைகளுக்குப் பொருந்த வேண்டும். உங்கள் இரண்டு ஷாஃப்ட்டும் 22.2 மி.மீ. என்பதால் இரண்டாவது இயந்திரத்தின் அடாப்டரே போதும், கீவே அகலம் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். அங்குலக் கணக்கில் செய்த இந்த 22.2 மி.மீ. ஷாஃப்ட்டில் 22 மி.மீ. அடாப்டரை அடித்து ஏற்றுவது, 25 மி.மீ. அடாப்டரில் தகடு சுற்றி இறுக்குவது இரண்டும் கூடாது.

பெரிய டெக்கிலிருந்து சின்னதுக்கு வருவது நல்லது. நேர்மாறாகச் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிளேடு நுனியின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு; அமெரிக்கத் தரமான ஏ.என்.எஸ்.ஐ. பி71.1 அதை நிமிடத்துக்கு 19,000 அடி என்று வைக்கிறது, அதாவது நொடிக்கு 96.5 மீட்டர். 53 செ.மீ. பிளேடின் நுனி ஒரு சுற்றுக்கு 1.665 மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 3600 சுற்றில் அது நொடிக்குக் கிட்டத்தட்ட 100 மீட்டர், எல்லையைத் தாண்டிவிட்டது. 46 செ.மீ. பிளேடு அதே 3600-ல் 87 மீட்டர்தான். ஜெனரேட்டருக்கோ பம்புக்கோ 3600-ல் அமைத்திருந்த எஞ்சினைப் பெரிய டெக்கில் ஏற்றினால் கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். சுற்று எண்ணும் டாக்கோமீட்டரில் 2900-லிருந்து 3000-க்குள் உச்ச வேகம் இருந்தால் புல் நன்றாகவே வெட்டும்.

ஒரு சிறு விளைவு: ஒரே அகலம், ஒரே தடிமன் என்றால் 46 செ.மீ. பிளேடின் உந்தம் 53-ல் மூன்றில் இரண்டு பங்குதான். ஸ்டார்ட் ஆகும்போது கயிறு லேசாகத் தட்டுவது போல் இருந்தால், இருக்கிற வகைகளில் கனமான பிளேடைத் தேர்ந்தெடுங்கள்.

மிதவை எழுதியது:

வேகம் ஏறி இறங்குவதற்கு வருகிறேன். அது கவர்னரின் குற்றம் என்று நினைத்து நிறைய பேர் ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிவிடுகிறார்கள். உண்மையில் கலவையில் பெட்ரோல் குறைவு. எஞ்சின் தளர்கிறது, கவர்னர் திராட்டிலைத் திறக்கிறது, வேகம் கூடுகிறது, கவர்னர் மூடுகிறது, மறுபடி தளர்கிறது. சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். ஓட்டம் சீரானால் சந்தேகமே வேண்டாம், ஜெட் அடைப்பு அல்லது காற்றுக் கசிவு.

கிண்ணத்தைப் பிடிக்கும் அடி போல்ட்டைக் கழற்றுங்கள். பல கார்புரேட்டர்களில் அந்த போல்ட்டே மெயின் ஜெட். நடுவில் ஒரு ஓட்டை தெரியும், அது எல்லோர் கண்ணிலும் படும். மரைக்குப் பக்கத்தில், குறுக்காக, தலைமுடி தடிமனுக்கு இன்னொரு ஓட்டை உண்டு. பச்சைப் படிவம் அதை மூடிவிட்டால் போல்ட்டில் ஓட்டை இருப்பதே தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பல இழை மின்கம்பியிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து நுழையுங்கள். இரும்பு ஊசி, டிரில் பிட் வேண்டாம். பித்தளை துளை சற்றே அகன்றாலும் கலவை மாறிவிடும்.

மிதவையைக் குலுக்குங்கள், உள்ளே பெட்ரோல் தளும்பினால் மாற்ற வேண்டும். ஊசி வால்வின் நுனியில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லையென்றால் நிறுத்தி வைக்கும்போது பெட்ரோல் வழிந்து ஆயிலில் கலக்கும். கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி இருந்தால் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து அலுமினியத்தை அரித்திருக்கிறது. அது தொடர்ந்து உதிர்ந்து ஜெட்டை மறுபடி அடைக்கும்.

கசிவைப் பார்க்க, எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டர் சேரும் இடங்களில் தண்ணீரை மெல்லிய தூறலாக அடியுங்கள். ஓட்டம் மாறுகிற இடத்தில் கேஸ்கெட்டோ ஓ-ரிங்கோ போயிருக்கிறது. தீப்பிடிக்கும் ஸ்பிரே எதையும் சூடான சைலன்சர் பக்கத்தில் அடிக்காதீர்கள்.

நட்டுபோல்ட் எழுதியது:

சைடு வால்வு எஞ்சின்தானே, உறையைத் திறந்த கையோட வால்வு இடைவெளியையும் அளந்துடுங்க. எஞ்சின் ஆறியிருக்கணும். பிஸ்டனை உச்சியிலிருந்து 6 மி.மீ. கீழ இறக்கி வச்சு அளக்கணும், உச்சியிலயே வச்சா அழுத்தம் தளர்த்துற முட்டு வால்வைத் தொட்டுக்கிட்டு இருக்கலாம், அளவு பொய் சொல்லும். உள்ளிழுக்கிறதுக்கு 0.13 - 0.18 மி.மீ., வெளியேத்துறதுக்கு 0.18 - 0.23. இடைவெளி குறைஞ்சிருந்தா வால்வுத் தண்டு முனையைக் கொஞ்சமாத் தேய்க்கணும். தேய்ச்சதைத் திரும்ப வளர்க்க முடியாது, அதனால அளந்து அளந்து செய்யுங்க.

எஞ்சினைச் சாய்க்கும்போது பிளக் மேலே பார்க்கிற மாதிரி, இல்லைன்னா கார்புரேட்டர் பக்கம் மேலே இருக்கிற மாதிரிதான் சாய்க்கணும். மாத்திச் சாய்ச்சா ஆயில் சிலிண்டருக்கும் ஏர் ஃபில்டருக்கும் போயிடும். அப்புறம் கயிறு கல்லு மாதிரி நிக்கும், எஞ்சின் ஜாம்னு நினைச்சு தூக்கிப் போடுறது அதனாலதான் அதிகம். பிளக்கைக் கழற்றி ரெண்டு இழு இழுத்தா ஆயில் வெளிய வந்துடும்.

பம்பு_பிரியன் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. தண்ணீர் பம்பிலிருந்து எடுத்த படுக்கை ஷாஃப்ட் எஞ்சின் ஒன்று இருக்கிறது. அதை நிமிர்த்தி டெக்கில் ஏற்றலாமா?

அளவுகோல் எழுதியது:

முடியாது. படுக்கை எஞ்சினில் கனெக்டிங் ராடின் அடிப்பல் ஆயிலைத் தட்டித் தெறிக்க வைக்கும். நிமிர்த்தினால் ஆயில் வேறு பக்கம் தேங்கும், பேரிங் உலர்ந்து சில நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டர் மிதவையும் சாய்ந்துவிடும். செங்குத்து எஞ்சினைப் படுக்க வைத்து பம்புக்குப் போடுவதும் இதே காரணத்தால் ஆகாது. பிளேடு இல்லாமல் பெல்ட்டில் ஓட்டப் போகும் செங்குத்து எஞ்சின் என்றால் அலுமினிய ஃப்ளைவீலுக்குப் பதில் வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் தேவை; கூம்பும் காந்தத்தின் இடமும் அதே வரிசைக்குரியதாக இருக்க வேண்டும்.

கழற்றும்_கை எழுதியது:

வளையம் வெட்டி ஏற்றியாயிற்று. மிதவை சொன்ன குறுக்கு ஓட்டை முழுக்க மூடியிருந்தது. இரண்டாவது இழுப்பில் பற்றுகிறது, கயிறு பிடுங்கவில்லை. டாக்கோமீட்டரில் 2950. ஆனால் கைப்பிடியை விட்டால் பிளேடு நிற்க 7 நொடி ஆகிறது.

சுழல்கத்தி எழுதியது:

அப்படியே விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் 1982 முதல் தள்ளும் சுழல் புல்வெட்டிகளுக்கு 3 நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. கால் நழுவி டெக்கின் கீழ் போக அதற்கு மேல் நேரம் வேண்டியதில்லை.

டெக் மாறியதால் கேபிள் நீளம் மாறியிருக்கும். கைப்பிடியை விட்ட நிலையில் கேபிளில் லேசான தொய்வு இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் பிரேக் பட்டை ஃப்ளைவீலை முழுக்கத் தொடாது. கேபிள் பிடிப்பானை 10 மி.மீ. எஞ்சின் பக்கம் நகர்த்திப் பாருங்கள். அடுத்தது பட்டையின் உராய்வுப் பூச்சு: கழற்றும்போது ஆயில் பட்டிருந்தால் வழுக்கும், தேய்ந்து உலோகம் தெரிந்தால் மாற்ற வேண்டும். கடைசியாக அந்த ஸ்பிரிங். நட்டுபோல்ட் விடுவிக்கச் சொன்னதை சரியான ஓட்டையில் திரும்ப மாட்டினீர்களா?

பிரேக் விழும்போது அதன் கை ஒரு சின்ன சுவிட்சைத் தொட்டு காயிலின் பொறியையும் நிறுத்தும். அந்த வயர் உறைக்கடியில் நசுங்கியிருந்தால் பிளக்கில் பொறியே வராது. வயரைக் காயிலில் இருந்து பிடுங்கிவிட்டுப் பொறி திரும்பினால் காயில் நல்லது, வயர்தான் கெட்டது. பிடுங்கியபடியே மட்டும் ஓட்டாதீர்கள், நிறுத்த வழி இருக்காது.

கழற்றும்_கை எழுதியது:

ஸ்பிரிங் சரியாகத்தான் இருந்தது. கேபிள் விறைப்பு. 8 மி.மீ. நகர்த்தினேன், பட்டையில் இருந்த ஆயில் பசையைத் துடைத்து மணல் தாளால் லேசாகத் தேய்த்தேன். மூன்று தடவை அளந்ததில் 2.1, 2.3, 2.1 நொடி. ஒடிந்த எஞ்சினிலிருந்து காயில், கயிறு ஸ்டார்ட்டர், சைலன்சர் மூன்றையும் எடுத்து எண்ணெய்த் துணியில் சுற்றி மாடல் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.